நாலாம் பந்தி

பரமண்டல ஜெபத்தில் ஒரு வரி வரும்போது சுவிசேஷமுத்துக் கொத்தனார் வாயை மூடிக்கொள்வார். முப்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான். அன்றாட அப்பம் வரைக்கும் சபையோடு சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார். எல்லோரும் மன்னிக்கிறதைப் பற்றிச் சொல்லும்போது உதட்டை உதட்டோடு அழுத்திக்கொண்டு, சோதனை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார், ஓடுகிற மாட்டுவண்டியிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்துவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொள்கிற மாதிரி. கர்த்தருக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். மன்னிக்கவில்லை, பிறகு மன்னிக்கிறதுபோல என்று எந்த வாயால் சொல்வது. இன்றைக்கும் அப்படியே இறங்கி அப்படியே ஏறிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே தரை குளிர்ந்தது. இந்தத் தரை அவர் போட்டது, பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து உட்கார்ந்து கையால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றியது, எந்த மூலையில் ஊசி ஓட்டமாக விரிசல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். திருவிருந்து ஞாயிறு. காலையில் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டுக்கொண்டே ஜெபக்கனி ஆரம்பித்தாள், "அந்த மனுசன் இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போறாரு? அவரப் பாத்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னா உங்க வாயி என்ன தேஞ்சா போவும்?" தேயும் என்றார். "தேயட்டும், மிச்ச நாளாவது நான் வீட்டுல நிம்மதியா இருக்கேன்" என்றாள். எழுபது வயதில் பெண்டாட்டியிடம் பேச்சில் ஜெயிக்க முடியாது, ஆனால் அவளுக்கும் அது தெரியும், அவர் போய் ஸ்தோத்திரம் சொல்லப்போவதில்லை. அந்த ஆள் முதலில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தப்பு என்று. ஒரே வார்த்தை. அதைக் கேட்காமல் சாகிறதில்லை என்று முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தீர்மானம் பண்ணியாகிவிட்டது, அந்தத் தீர்மானத்தில் ஒரு கல் இன்னும் அசையவில்லை.

அந்த ஆள் என்றால் ஞானசிகாமணி உபதேசியார். சபைக் குருவான ஐயர் மாதத்துக்கு ஒரு தரம் வந்துபோகிற காலத்தில் ஊர்ச் சபை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. ஆராதனை நடத்துவார், அடக்கம் பண்ணுவார், சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடமும் எடுப்பார். கொத்தனாரின் மகள் லீதியாள் பிறந்து பதினோராம் நாள் பால் குடிக்காமல் நீலம் பாரித்துப் போனாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று பேசி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் போய்விட்டாள். கொத்தனார் சென்டரிங் பலகையை அறுத்துத் தன் கையாலேயே பெட்டி செய்து, அதைத் தலையில் வைக்க மனமில்லாமல் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நின்றார், அடக்க மணி அடிப்பார்கள் என்று. உபதேசியார் வெளியே வந்தார், வெள்ளை வேஷ்டி, கையில் வேதபுத்தகம், அதில் விரலைச் செருகி ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார். "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு மணி கெடையாதுவே. ஆராதனையும் கெடையாது. ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறக்காதவன் உள்ள பிரவேசிக்க முடியாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நான் என்ன செய்ய? கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய வச்சிரும்." என்ன செய்ய என்று அவர் கேட்ட அந்தக் கேள்விக்குக் கொத்தனாருக்குப் பதில் தெரியவில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். ரட்சிப்பு என்று எழுதச் சொன்னால் நடுவில் தடுமாறுவார். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சுவருக்கு வெளியே புதைத்தார், நல்ல வெயில், பலகையில் ஒட்டியிருந்த பழைய சிமெண்ட் முழங்கையில் உரசி உரசித் தோல் போயிருந்தது, அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உரசலின் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது ஐயர் அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துக்கொண்டிருக்கும்போது பெருவிரல் தானாக அதைப் போய்த் தடவியது.

பதில் தெரியாவிட்டால் தேட வேண்டும். சித்தாள் சாப்பிடப் போகிற நேரத்தில் சாரத்து மேலேயே உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். அவருடைய வேதபுத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் சுண்ணாம்புக் கைரேகை. மனுஷனை மண்ணினாலே உருவாக்கி நாசியிலே ஊதினார் என்கிற இடத்தில் முதல் கோடு போட்டார், காதில் செருகி வைக்கிற தச்சுப் பென்சிலால். கலவை தெரிந்தவருக்கு அது உடனே பிடிபட்டது: மண் யார் வேண்டுமானாலும் குழைக்கலாம், ஊதினது அவர். பதினோரு நாள் ஊதினாலும் ஊதினது ஊதினதுதான், அது யாருக்கும் உரியதில்லை, அவருக்கு உரியது. பிறகு பாவம். ஒரே மனுஷனாலே பாவம் உலகத்துக்குள்ளே வந்தது, பாவத்தோடே மரணம் வந்தது, பிறந்த குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு, உபதேசியார் பிரசங்கத்தில் அடித்து அடித்துச் சொல்வார், சரி, இல்லை என்று கொத்தனார் சொல்லவில்லை, லீதியாள் செத்ததே அதற்குச் சாட்சி. ஆனால் அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால் ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாவார்கள் என்று இருக்கிறது. அரை அதிகாரத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் அரைச் சுவரைக் கட்டிவிட்டு வீடு என்று சொல்கிற மாதிரி. பிறகு சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளன். அவனை எந்த ஆற்றில் முழுக்கினார்கள்? கொல்கொதா மேட்டில் ஒரு குடம் தண்ணீர் கிடையாது. ஆண்டவர் அவனிடம் உன் ஞானஸ்நானச் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை, இன்றைக்கு என்னோடு வா என்றார். தண்ணீர் வேண்டாம் என்று கொத்தனார் சொல்லமாட்டார், தண்ணீர் இல்லாமல் எந்தக் கட்டடமும் நிற்காது, ஆனால் தண்ணீர் அவர் கையில் இருக்கிறது, அவர் தண்ணீரின் கையில் இல்லை. இந்த வாக்கியத்தை அமைக்க மூன்று வருஷம் ஆயிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே மூலைக்கல் ஒன்று கிடைத்தது ஒன்பதாம் வருஷம். தாவீது ராஜாவின் பிள்ளை. செத்தது ஏழாம் நாளில் என்று போட்டிருக்கிறது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆண்டவருக்கு உரியவன் என்று அடையாளம் போடும் விருத்தசேதனம் எட்டாம் நாள். எட்டாம் நாள்! அப்படியானால் அந்தப் பிள்ளையும் அடையாளம் போடாமல் செத்த பிள்ளை. அந்தத் தகப்பன் எழுந்து முகம் கழுவிவிட்டு என்ன சொன்னான்? அது என்னிடத்தில் திரும்பி வராது, நான் அதினிடத்துக்குப் போவேன் என்றான். சுவருக்கு வெளியே போவேன் என்றா சொன்னான்? கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி, கையைக்கூடக் கழுவாமல், உபதேசியார் வீட்டுக்கு நடந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே உபதேசியார் முதுகைக் காட்டி உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு எட்டு வைத்தால் போதும். கொத்தனார் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன் திரும்பினேன். இருபத்தொன்பது வருஷமாக இந்த இடத்தில் வந்து கால் தட்டுகிறது. வேலை கெட்டுப்போகும் என்று நினைத்தேன். இல்லை. அந்த ஆள் தாளை வைத்துவிட்டு, ஆமா கொத்தனாரே, நீரு சொல்லுறதுதான் சரி என்று சொல்லியிருந்தால் பிறகு நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"முதல் பந்தி வரலாம்" என்றார் ஐயர். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பீடத்துக்கு முன்னால் உள்ள படியில் பதினான்கு பேர் முழங்கால் போட இடம் உண்டு, அதுதான் ஒரு பந்தி. உபதேசியார் முன் பெஞ்சு, எப்போதும் முதல் பந்தி. கொத்தனார் எட்டாவது பெஞ்சு, நாலாம் பந்தி. இது தானாக அமைந்ததல்ல. கிண்ணம் ஒன்றுதான், எல்லோரும் ஒரே விளிம்பில் வாய் வைக்க வேண்டும். அந்த ஆள் வாய் வைத்த ஈரம் காயவும் ஐயர் துணி அதை நாற்பது தரம் துடைக்கவும் மூன்று பந்தி இடைவெளி வேண்டும் என்று கணக்குப் பண்ணிப் பிடித்த இடம். முதல் பந்தி நடக்கும்போது அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குக் கொத்தனாருக்கு என்ன ஜெபம், என்ன பக்தி என்று தோன்றும். அந்த ஆள் அப்பம் வாங்குவதைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். கண்ணுக்குள் சுவர் வந்தது. எப்போதும் வரும். லீதியாளை வைத்து இருபத்திரண்டு வருஷம் கழித்து ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் சாய்ந்தது, கமிட்டியார் கொத்தனாரைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யார் இருக்கிறார்கள். விடிந்தும் விடியாமல் தனியாகப் போய் நூல் பிடித்தார். கிழக்கு மூலையிலிருந்து நேராக வந்த நூலை ஓரிடத்தில் வெளியே நாலடி தள்ளி, வளைத்து, மறுபடி உள்ளே கொண்டுவந்து முளையடித்தார். நாற்பது வருஷத் தொழிலில் அவர் தெரிந்து கட்டிய ஒரே கோணல் சுவர். இப்போதும் டீக்கடையில் சொல்வார்கள், "கொத்தனாருக்கு அன்னிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல முந்தின நாள் சரக்கா?" சொல்லட்டும். லீதியாள் உள்ளே இருக்கிறாள். மேலே ஒரு கல் கிடையாது, பெயர் கிடையாது, சுவரின் வயிறு மட்டும் வெளியே தள்ளி நிற்கிறது. அன்றைக்கு நூல் கட்டி முடித்தபோது குடையைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் வந்தார், அப்போது அவர்தான் கமிட்டிச் செயலாளர். நூலின் இந்த முனையில் நின்று அந்த முனை வரைக்கும் பார்த்தார். "நூல் சரியா இருக்காவே?" என்றார். சரியா இருக்கு என்றார் கொத்தனார். "அப்ப கட்டும்." அவ்வளவு. போய்விட்டார். குருடன் என்று கொத்தனார் அன்றைக்கு மனசுக்குள் சிரித்தார், நாலடி வளைவு தெரியாத குருடனையா இந்தச் சபை இத்தனை வருஷம் வைத்திருந்தது. ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை, எதிலோ மாட்டிக்கொண்டது, பதினாறு வருஷமாக அது அங்கேயே தொங்குகிறது.

இரண்டாம் பந்தி. பெண்கள் பக்கம் யாருடைய குழந்தையோ அழுதது. பயம் இந்த நேரத்தில்தான் வரும், அப்பம் நெருங்க நெருங்க. லீதியாள் எங்கே இருக்கிறாள் என்பதில் கொத்தனாருக்குச் சந்தேகம் கிடையாது, அதை அவர் அஸ்திவாரத்திலிருந்து கட்டி முடித்துவிட்டார், எந்த மழைக்கும் சாயாது. கிருபை என்றால் இலவசம், கிரியைகளினால் அல்ல, ஒருவனும் பெருமை பாராட்டாதபடிக்கு. பதினோரு நாள் பிள்ளை என்ன கிரியை செய்தாள், அழுதாள், நனைத்தாள், தூங்கினாள், அவளைவிட வெறுங்கையாய் யார் போவார். அது சரி. ஆனால் அந்தக் கட்டடத்தைக் கட்டும்போது வழியில் ஒரு கல் கிடந்தது, அதை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார். மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார். பென்சில் கோடு போடாத வசனம். ஓரமாகப் போட்டால் அது அங்கேயே கிடக்கிறதா, ஒவ்வொரு திருவிருந்துக்கும் காலில் வந்து இடறுகிறது. உள்ளே போகிற வாசல் கிருபை, சரி. வெறுங்கையாய்ப் போக வேண்டும், சரி. தன் கை வெறுங்கையா? முப்பத்தெட்டு வருஷமாக இறுக்கிப் பிடித்து விரல் மடங்கியபடியே நிற்கிறதே. பிள்ளையைச் சுவருக்கு உள்ளே சேர்த்துவிட்டுத் தான் வெளியே நிற்கப் போகிறோமா? ஜெபக்கனி உள்ளே போய்விடுவாள், அவள் எப்போதோ எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். இரண்டு பேரும் உள்ளே, தான் மட்டும் வெளியே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே வெயிலில். அந்த ஆளுக்கு யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறந்தால்? முடியாது. விடமாட்டேன். தப்பு என்று சொல்லட்டும், அந்தக் கணமே மன்னித்துவிடுகிறேன், ஒரு கணம்கூடத் தாமதிக்கமாட்டேன், இது நியாயம்தானே. ஆனால் அதற்கும் வழி அடைபட்டுப்போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் உபதேசியாருக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போயிற்று. மிஞ்சினது ஒரே வார்த்தை. சாயங்காலம் அவர் மகன் டீக்கடைப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைப்பான், அங்கே அதுவே விளையாட்டு. "உபதேசியாரே, காப்பி சாப்புடுறீரா?" "ஆமென்." "வேண்டாமா?" "ஆமென்." "இந்த ஐயர மாத்திருவமா?" "ஆமென்." கடையே சிரிக்கும். முதல் தரம் கொத்தனாரும் சிரித்தார், இரண்டாம் தரம் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழக்கை முப்பத்தெட்டு வருஷம் தயாரித்தாயிற்று, சாட்சிகள் எல்லாம் தயார், எதிராளிக்கு வாய் இல்லை.

"நாலாம் பந்தி." எழுந்தார். முழங்கால் மடக்கென்றது. நடுப்பாதையில் நடக்கும்போது பெண்கள் பக்கம் ஜெபக்கனி முக்காட்டுக்குள்ளிருந்து பார்ப்பது தெரிந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் தன் வழக்கமான இடத்தில், வலது கோடியில், முழங்கால் போட்டார். இடப்பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பின்னால் செருப்பில்லாத காலை யாரோ தரையில் இழுத்துவருகிற சத்தம். இழுத்து, நின்று, இழுத்து. மணியடிக்கிற கோயில்குட்டி யாக்கோபு யாரையோ அணைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, "இங்க ஒரு எடம் இருக்கு, மெள்ள, மெள்ள" என்று அந்தக் காலி இடத்தில் இறக்கினார். நீலகிரித் தைல வாசனை. வெள்ளை வேஷ்டி. கொத்தனார் திரும்பவில்லை, திரும்ப வேண்டியதும் இல்லை. முதல் பந்திக்கு அந்த ஆளால் எழுந்து வர முடியவில்லை, இரண்டாம் பந்திக்கும் முடியவில்லை, இதெல்லாம் கண்ணை மூடாதவனுக்குத் தெரிந்திருக்கும். தன் கணக்கில் முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தவறு. எழுந்து போய்விடலாம். போனால் கோயில் முழுக்கப் பார்க்கும், பார்க்கட்டும், முழங்கால் எழும்பவில்லை. ஐயர் அந்தக் கோடியிலிருந்து அப்பம் கொடுத்துக்கொண்டு வருகிறார். பக்கத்தில் உபதேசியார் கையை ஏந்துகிறார்: இடக்கை மட்டும் வருகிறது, வலக்கை துணி மாதிரி மடியில் கிடக்கிறது. அந்த வலக்கைதான் வேதபுத்தகத்தில் விரலைச் செருகியிருந்தது. அந்தக் கைதான், கொத்தனாருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் சிலேட்டில் கோடு வளைத்துப் போட்டால் விரல் முட்டியில் அடிக்கும். அடிமட்டத்தைப் படுக்க வைத்து அல்ல, விளிம்பால். அரை விரற்கடை வளைந்தால்கூட ஒரு அடி. ஊரில் பாதிப் பேர் முட்டியில் அந்த அடி வாங்கியவர்கள். அந்தக் கண்ணா நாலடி வளைவைப் பார்க்கவில்லை? தொங்கிக்கொண்டிருந்த சிரிப்பு அறுந்து கீழே விழுந்தது. பார்த்திருக்கிறார். நூலின் ஒரு முனையில் நின்று மறு முனை வரைக்கும் பார்த்துவிட்டு, அங்கே மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்து, கட்டும் என்று சொல்லிவிட்டுக் குடையோடு போயிருக்கிறார். அப்படியானால் அதுதான் தப்பு என்ற வார்த்தையா? இல்லை. போதாது. குடைக்குக் கீழே சொன்னது போதாது, நான் வெயிலில் நின்றேன். "கிறிஸ்துவின் சரீரம்" என்றார் ஐயர். "ஆமென்" என்றார் உபதேசியார், வாய் கோணி. டீக்கடையில் வரும் அதே சத்தம்.

கிண்ணம் வந்தது. உபதேசியாரின் வாய் ஒரு பக்கம் மூடவில்லை, திராட்சரசம் தாடையில் வழிந்தது, ஐயர் துணியால் ஒற்றினார், விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பிக் கொத்தனாரிடம் நீட்டினார். துடைத்த இடத்தில் இன்னும் ஈரம் மினுங்கியது. மூன்று பந்தி இடைவெளி இல்லை, ஒரு மூச்சு இடைவெளி. கொத்தனார் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை, தொண்டையில் இனிப்பும் கசப்பும் இறங்கின, அவ்வளவுதான். ஐயர் பீடத்துக்குத் திரும்பினார், பந்தி எழுவதற்கு இன்னும் ஒரு வசனம் சொல்ல வேண்டும், அந்தக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கேட்டுவிட வேண்டும். என்ன கேட்டாலும் ஆமென் வரும். லீதியாள் பரலோகத்தில் இருக்கிறாளா என்றாலும் ஆமென், நரகத்தில் இருக்கிறாளா என்றாலும் ஆமென். காப்பிக்குச் சொல்கிற ஆமெனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. கேள்வி கேட்டால் அந்த வார்த்தை வீண். அந்த வார்த்தை எதற்கு உண்டானது? ஜெபத்துக்கு உண்டானது. ஒருவன் ஜெபிக்க வேண்டும், மற்றவன் ஆமென் சொல்ல வேண்டும். ஊரில் எத்தனை கல்லறை கட்டியிருக்கிறார், குழியோரத்தில் கரண்டியோடு நின்று எத்தனை அடக்கம் கேட்டிருக்கிறார், அந்த வார்த்தைகள் அவருக்கு மனப்பாடம், எல்லார் பிள்ளைக்கும் சொன்ன வார்த்தைகள். தலையைத் திருப்பினார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கிழடு தட்டியிருந்தது. கண் மட்டும் அப்படியே, கோடு பார்க்கிற கண், அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உபதேசியாரே" என்றார், காதோடு. "எம் மவ பேரு லீதியாள். கேளும். மண்ண மண்ணுக்கு ஒப்புக்குடுக்கோம். கர்த்தராகிய இயேசு கிறிஸ்து மரித்து எழும்பினதுனால, அவளும் எழும்புவான்னு நிச்சயமா நம்பி ஒப்புக்குடுக்கோம்."

உடனே வரவில்லை. டீக்கடையில் கேள்வி முடியும் முன்னே விழுகிற வார்த்தை இப்போது வரவில்லை. உபதேசியாரின் கோணின வாய் எதையோ பிடிக்கப் பார்த்து நழுவிற்று, இடக்கை எழுந்து காற்றில் துழாவிக் கொத்தனாரின் முழங்கையில் வந்து விழுந்து, அந்தத் தழும்புக்கு மேலேயே பிடித்துக்கொண்டது.

"ஆ…மென்."

ஐயர் வசனத்தைச் சொல்லி முடித்தார். பந்தி எழுந்தது, பன்னிரண்டு பேர் திரும்பி நடந்தார்கள். ஐந்தாம் பந்தி வந்து பின்னால் நின்றது. யாக்கோபு ஓடி வந்தார், கொத்தனார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு காலை ஊன்றி, அந்த விழுந்த கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து, சிமெண்ட் மூட்டையை எழுப்புகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "எழும்பும்வே" என்றார். "அவளுக்கு மணி இன்னும் அடிக்கல. ஆராதனை முடியட்டும், நீரு கயித்தப் பிடிக்கணும், நான் சேந்து இழுக்கேன். பிள்ளைக்கு ஒரு அடி. விடமாட்டேன், சொல்லிட்டேன்."

"ஆமென்" என்றார் உபதேசியார்.